மேற்குக் கரை மைனாக்களும் மடுவின் கடைசித் தடமும்

மருதாற்றின் மேற்குக் கரையில் பெரிய காடு. அதன் அரசன் செவ்வரியன் என்ற புலி. கிழக்குக் கரையில் நாணற்காடு. அது சின்னக் காடுதான். ஆனால் அங்கே அரசன் கிடையாது. எல்லா விலங்குகளும் கூடி ஐந்து பேரைச் சபைக்குத் தேர்ந்தெடுக்கும். அந்த ஐந்து பேருக்கும் தலைவி தாழை என்ற மிளா மான்.

அந்தக் கோடையில் ஆறு வற்றி மணலாகிவிட்டது. நாணற்காட்டுக் கரையை ஒட்டி ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. செவ்வரியனுக்கு அதன் மேல் கண் விழுந்தது. தண்ணீர் மேல் பாதிக் கண், தண்ணீர் குடிக்க வரும் குட்டிகள் மேல் மீதிக் கண்.

நேராகப் பாய்ந்து வர அவனுக்குத் தைரியம் இல்லை. நாணற்காட்டில் ஏழு யானைகள் இருந்தன. அதனால் தூது அனுப்பினான். மடுவுக்கு ஆபத்து இருக்கிறதாம். அவனுடைய சிறுத்தைகள் வந்து காவல் நிற்குமாம். சபை ஒப்புக்கொண்டால் போதுமாம். முயலுக்குக்கூடப் புரிந்தது, சிறுத்தை காவல் நிற்கும் மடுவில் எத்தனை குட்டிகள் மிஞ்சும் என்று. முடிவு சொல்லச் சபை பௌர்ணமிவரை பத்து நாள் நேரம் கேட்டது.

அந்தப் பத்து நாளைத்தான் புலி மைனாக்களிடம் ஒப்படைத்தான்.

மேற்குக் காட்டில் 'அரச குரல்' என்று ஒரு மைனாக் கூட்டம் இருந்தது. அரண்மனை அத்திமரத்துப் பழம் முழுவதும் அவற்றுக்குத்தான். அதற்குக் கைம்மாறாக, புலி சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குத் தலைமை மஞ்சமூக்கி. அவளுடைய குரல் ஆற்றைத் தாண்டும், பாறையில் மோதித் திரும்பும். காலை, நடுப்பகல், மாலை என மூன்று வேளையும் கரையோர மருதமரத்தில் வரிசையாக உட்கார்ந்து மைனாக்கள் செய்தி சொல்லத் தொடங்கின.

முதலில் வந்தது புகழ்ச்சி. "நாணற்காட்டுச் சபையில் அறிவாளி ஒருவரே. அவர் மயில் சிகாமணி. காவலின் அருமை அவருக்குத் தெரியும்!" சிகாமணிக்கு இது போதாதா? அன்று முழுவதும் தோகையை மடக்கவே இல்லை. மறுநாள் சபையில், காவலை ஏற்றால்தான் என்ன என்று மெதுவாக ஆரம்பித்தது.

அடுத்து பயமுறுத்தல். மடுவின் அடியில் முதலை இருப்பதாக மூன்று நாள் சொன்னார்கள். யானைகள் இறங்கிக் கலக்கிப் பார்த்துவிட்டு, ஒரு கெளுத்தி மீனைத் தவிர எதுவும் இல்லை என்று கரையேறின.

கடைசியில் தாழையின் மேல் பாய்ந்தார்கள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு மஞ்சமூக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தாள்.

"தாகத்தில் குட்டிகள் காத்து நிற்க, மடுவில் முதலில் வாய் வைப்பவள் தாழை! குட்டிகளுக்கு முன்னால் குடிப்பவள் தலைவியா? வெட்கம்!"

இதையே அன்று மூன்று வேளையும் சொன்னார்கள். மறுநாளும் சொன்னார்கள்.

சபையில் இருந்த முள்ளம்பன்றி முள்ளாச்சிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தக் கரையிலும் நூறு காக்கைகளைச் சேர்த்து, புலியின் பரம்பரையையே கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்று குதித்தது. தாழை மறுத்துவிட்டாள்.

"வேண்டாம் முள்ளாச்சி. அவங்க கத்துறாங்கன்னு நாமும் கத்தினா, நம்ம குட்டிங்க எதைத்தான் நம்பும்? நாம எப்பவும் குடிக்கிற மாதிரியே குடிப்போம்."

அந்த 'எப்பவும் குடிக்கிற மாதிரி' என்ன என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்கிறது. நாணற்காட்டில் கோடை வந்தால் தண்ணீர் குடிக்க ஒரு முறை உண்டு. சாயங்காலம் குட்டிகள் முதலில் குடிக்கும். பிறகு பால் கொடுக்கும் தாய்கள், பிறகு வயதானவை, பிறகு மற்றவை. அதன் பிறகு சபை. எல்லோரும் குடித்து முடித்து, ஏதாவது மிச்சம் இருந்தால் தலைவர் குடிக்கலாம். கலங்கல்தான் மிஞ்சும். அதைத்தான் குடிக்க வேண்டும். மடுவின் கரை முழுக்கச் சேறு. எத்தனை ஆயிரம் தடம் பதிந்தாலும், எல்லாவற்றுக்கும் மேலே தலைவரின் தடம் இறங்கிய வரிசை ஒன்றும் ஏறிய வரிசை ஒன்றும் இருக்கும். விடிந்ததும் முயல்கள் போய்ப் பார்க்கும். பிறந்த குட்டிக்கு அந்தக் காட்டில் முதலில் காட்டப்படுவதே அந்தத் தடம்தான்.

மஞ்சமூக்கிக்கு இது தெரியாது. அவள் ஆற்றைத் தாண்டியதே இல்லை. அவள் காட்டில் பாறையடி ஊற்றில் புலிதான் முதலில் குடிப்பான். குடித்துவிட்டு அதிலேயே படுத்துப் புரளுவான். தலைவர் என்றால் எங்கேயும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துச் செய்தியைக் கட்டிவிட்டாள்.

பௌர்ணமி அன்று விடிந்ததும் நாணற்காடு முழுவதும் மடுக்கரையில் கூடியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லோரும் சேற்றைப் பார்த்தார்கள். தாழையின் குளம்புத் தடம் வழக்கம்போல எல்லாத் தடத்துக்கும் மேலே இருந்தது. ஒரு முயல் சிரிக்க ஆரம்பித்தது. அப்புறம் யானைவரைக்கும் சிரிப்புத்தான்.

சிகாமணி மட்டும் சிரிக்கவில்லை. சபை உறுப்பினராக அது தாழைக்குச் சற்று முன்னால் குடித்திருந்தது. அதன் மூன்று விரல் தடத்தின் மேல் தாழையின் குளம்பு அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு தோகையை மடக்கிக்கொண்டு சபை நடுவே வந்தது.

"நேத்து நான் குடிச்சுட்டுத் திரும்புறப்போ தாழை தண்ணியில வாயே வைக்கல. என் கண்ணால பார்த்தேன். அவங்களைப் பத்திச் சொன்னது பொய். அதே வாய்தான் என்னை அறிவாளின்னு சொல்லிச்சு. அப்படின்னா அதுவும்..." என்று நிறுத்தியது. "காவல் வேண்டாம். இது என் முடிவு."

ஐந்து பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். நாணற்காட்டின் பதில் அக்கரைக்குப் போனது.

புலிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சத்தம் போதவில்லை என்று நினைத்தான். அதே செய்தியை இன்னும் உரக்க, இன்னும் ஏழு நாள் சொல்லச் சொன்னான். மைனாக்கள் மேற்குக் கரை மரத்தில் உட்கார்ந்துதான் கத்தின என்பது அவனுக்கு உறைக்கவில்லை. நாணற்காட்டில் அதைக் காதில் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். மேற்குக் காட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஏழாம் நாள் மாலை செவ்வரியன் பாறையடி ஊற்றுக்கு வந்தான். ஊற்றின் வாயில் ஒரு புள்ளிமான் தன் குட்டியோடு நின்றது. வழக்கமாக ஒதுங்குவதுபோல ஒதுங்கவில்லை.  

"தாகத்தில் குட்டிகள் காத்து நிற்க..." என்று அது மெல்லச் சொன்னது.

பின்னால் இருந்த காட்டெருமைகள் தோளோடு தோள் ஒட்டி முன்னே வந்தன. "முதலில் வாய் வைப்பவன்..." என்றது ஒன்று. காடே சேர்ந்து முடித்தது. "குட்டிகளுக்கு முன்னால் குடிப்பவன் தலைவனா?"

புலி உறுமினான். கொம்புகள் அசையவில்லை. அவன் ஊற்றுக்கு மேலே கிளையில் உட்கார்ந்திருந்த மஞ்சமூக்கியின் பக்கம் திரும்பி, இதை இவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று கர்ஜித்தான்.

மஞ்சமூக்கிக்குப் பொய் சொல்லிப் பழக்கம். அன்றைக்கு ஏனோ ஒன்றும் கிடைக்கவில்லை. "நீங்கள்தான் அரசே. மூன்று வேளையும்" என்றாள்.

புலி இரண்டு அடி பின்னால் வைத்தான். மான்குட்டி தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தது. அந்தக் காட்டில் அன்றுதான் ஒரு குட்டி தெளிந்த நீரைக் குடித்தது. அன்றிலிருந்து மருதமரத்தில் செய்தி இல்லை. அக்கரையில் தாழை எப்போதும்போலக் கடைசியாகப் போய், மிச்சமிருந்த கலங்கலைக் குடித்துவிட்டுக் கரையேறினாள்.

அடுத்த நாட்டுத் தலைவர்களைப் பணியவைக்க ஓர் அரசு ஊதும் பொய்யை அவர்களுடைய நேர்மையான நடத்தையே தோற்கடிக்கும், அந்தப் பொய் திரும்பி வந்து ஊதச் சொன்னவனையே கேள்வி கேட்கும்.