மரங்கொத்தி தாளத்தை நிறுத்திய இடம்

காட்டின் நடுவே ஒரு குளம். கோடையில் மற்ற குளமெல்லாம் வற்றினாலும் இதில் தண்ணீர் நிற்கும். அதனால் கோடை முடியும்வரை வாரம் ஒரு மாலை அங்கே இலவசக் கச்சேரி. யார் வேண்டுமானாலும் வரலாம், தண்ணீர் குடிக்கலாம், உட்கார்ந்து கேட்கலாம்.

பாடுவது மைனா. நகரத்துப் பூங்காவில் ஒரு கோடை முழுக்க ஜாஸ் என்கிற மேற்கத்திய இசையைக் கேட்டுவிட்டு வந்த மைனா அது. இங்கேயும் அதே பாணிதான்: மெட்டு ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு அவரவர் மனதுக்குத் தோன்றியபடி வாசிப்பார்கள். மரங்கொத்தி பட்ட மரத்தில் தாளம் போடும். தவளை அடிக்குரலில் கூடவே போகும். மான்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலி வாங்கிக்கொள்ளும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. பாட்டின் நடுவே மரங்கொத்தி திடீரென்று தாளத்தை நிறுத்தும். உடனே எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். எங்கே நிறுத்துவோம் என்று மரங்கொத்திக்கே முன்கூட்டித் தெரியாது. பாட்டுச் சத்தத்தில் மறைந்து வருகிற சிறுத்தை எடுத்த காலை வைக்கிற சத்தத்திலேயே அகப்பட்டுக்கொள்ளும். அந்தக் கோடையில் இரண்டு முறை அப்படித்தான் பசியோடு திரும்பிப் போனது.

சிறுத்தை விட்டுவைக்கிற மிச்சம் மீதி தின்று பிழைக்கிற நரிக்கும் அதனால் பட்டினி. அது சும்மா இருக்குமா? அடுத்த கச்சேரிக்கு முதல் ஆளாக வந்து, எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

"இலவசமாகப் பாடுகிறார்கள். தாளம் நிற்கிற நேரத்தில் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்களே, மைனாவுக்கு மனசு என்ன பாடுபடும்? அங்கேதான் கைதட்ட வேண்டும்!"

மைனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நகரத்திலும் அப்படித்தான் தட்டுவார்கள் என்று ஒத்து ஊதியது. மரங்கொத்தி வேண்டாம் என்றது. உன் டொக்கு டொக்கைக் கேட்கவா இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் என்று மைனா அதன் வாயை அடைத்துவிட்டது.

கச்சேரி தொடங்கியது. தாளம் நின்றது. சிறகும் காலும் படபடவென்று தட்டின. குளக்கரையே அதிர்ந்தது.

முன்வரிசையில் ஒரு முயல் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. போன கோடையில் இதே கரையில் ஒரு குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்த தாய் அது. அதனால் தட்டவில்லை. பக்கத்திலிருந்த மான் முறைத்தது. முயல் திரும்பி நரி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தது. நரியின் இடம் காலி.

கைதட்டச் சொன்னவன் எங்கே போனான்? முயல் குனிந்தபடியே ஓடி மரங்கொத்தியின் மரத்தடிக்குப் போனது.

"அண்ணே, அடுத்து கைதட்டல் ஓய்ந்த பிறகும் தாளத்தை எடுக்காதீங்க. என் பிள்ளைகளைக் காப்பாத்துங்க."

மறுபடி தாளம் நின்றது. எல்லோரும் தட்டி ஓய்ந்தார்கள். மைனா வாயைத் திறந்தது. தாளம் வரவில்லை. மைனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் தாளமில்லாமல் எப்படிப் பாடுவது? யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தட்டுவதற்கும் ஒன்றுமில்லை. குளக்கரை அடங்கிப்போனது.

பின்னாலிருந்த புதரில் ஒரு சருகு நொறுங்கியது.

"ஓடுங்கள்!" என்று மரங்கொத்தி கத்தியது.

கூட்டம் சிதறியது. இரண்டு குட்டிகள் பொந்துக்குள் பாய்ந்தன. கடைக்குட்டி மட்டும் நின்ற இடத்திலேயே நடுங்கியது. முயல் திரும்பி ஓடிவந்து அதன் பிடரியைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. சிறுத்தையின் நகம் தாயின் வாலில் உரசிப் போனது, அவ்வளவுதான். சிறுத்தை சேற்றில் போய் விழுந்தது.

அது எழுந்து பார்த்தபோது கரையில் மிஞ்சியிருந்தது, மிச்சத்துக்காகப் புதரிலிருந்து வெளியே வந்த நரி ஒன்றுதான். நரி ஏதோ சொல்ல வாயெடுத்தது. சிறுத்தைக்கு அதைக் கேட்கப் பொறுமையில்லை.

அடுத்த வாரமும் கச்சேரி நடந்தது. தாளம் நின்றபோது முதலில் வாயை மூடியது மைனாதான்.

புகழ்ச்சிக்கு மயங்கிக் காவலைக் கைவிட்டவர்களுக்கு, ஆபத்து முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் தெரியாது.