முன்வரிசையில் ஆவுடையம்மாள்

சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு சின்ன மடம். அங்கே தேவாரம் சொல்லிக்கொடுக்கும் சாமிக்கு வயது நாற்பதுதான். ஏழு வருஷத்துக்கு முன்புவரை டவுன் பஸ்ஸில் விசில் ஊதியவர். அதனாலோ என்னவோ, கேள்வி கேட்டால் நீட்டி முழக்கமாட்டார். இறங்க வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்.

அவரிடம் படிக்கிற கோமதி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று ஆல்பங்களைச் சுமந்துகொண்டு வந்தாள். அவள் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். மண்டபம் ஆயிற்று, சமையல் ஆயிற்று. போட்டோக்காரர் மட்டும் அமையவில்லை. அந்தக் கவலையில் சரியாகத் தூங்கியே நாலு நாளாகியிருந்தது.

“சாமி, மூணு பேரு ஆல்பமும் இருக்கு. எதைப் பாத்தாலும் இதுதான் நல்லாருக்குன்னு தோணுது. நீங்களே ஒண்ணைக் காட்டுங்க.”

சாமி ஆல்பத்தைத் தொடவில்லை.

“உங்க அக்கா கல்யாணத்துக்கு யாரு எடுத்தது?”

“திருநெல்வேலியிலருந்து வந்தாங்க. படமெல்லாம் அருமை.”

“அம்மாவுக்குப் பிடிச்சுதா?”

கோமதிக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அவள் அம்மா ஆவுடையம்மாள் கணவனை இழந்தவள். மூத்தவள் கல்யாணத்தில் மேடை ஏறமாட்டேன் என்று கீழே முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். கோமதி சண்டை போட்டுப் பார்த்தாள், நடக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டியதும் நாலு போட்டோக்காரர்கள் மேடை விளிம்பில் வரிசையாக வந்து நின்றுகொண்டார்கள்.

“அம்மா தாலி கட்டுனதையே பாக்கலை சாமி. ‘கட்டம் போட்ட சட்டையைத்தான் பாத்தேன். எத்தனை கட்டம்னு வேணா கேளு, சொல்லுதேன்’னு இன்னைக்கும் சொல்லுவாங்க.”

“அதான் ஆல்பத்துல பாத்திருப்பாங்கல்லா?”

“பாத்தாங்க. அது ஆச்சு எட்டு வருசம். இப்ப இந்த மூணுல எது சாமி?”

தீபாராதனை மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். எப்போதும் ஓரமாக நிற்கிற சாமி, அன்றைக்கு நேராக வந்து கோமதிக்கு முன்னால் நின்றார். ஆள் வேறு நல்ல வாட்டசாட்டம். அவள் இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள். அவரும் இடப்பக்கம் சாய்ந்தார். வலப்பக்கம் நகர்ந்தாள். அவரும் நகர்ந்தார். குதிகாலைத் தூக்கிப் பார்ப்பதற்குள் கற்பூரம் அணைந்துவிட்டது.

கோமதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குருவாவது ஒன்றாவது!

“சாமி, இப்படி மறைச்சுக்கிட்டு நின்னா நான் எப்படிக் கும்பிடுவேன்?”

“அதுக்கென்ன, நாளைக்குப் போட்டோ தாரேன்” என்றார் சாமி.

கோமதி ஆல்பங்களை அள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் மூன்று பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

“தாலி கட்டுதப்ப நீங்க எங்க நிப்பீங்க?”

“மேடைக்கு முன்னால, நட்டநடுவுல. அங்க நின்னாத்தான் முகம் விழும்” என்றார் முதல் ஆள்.

“அஞ்சு பேரு சுத்தி நிப்போம். சரியா விழலேன்னா மாப்பிள்ளையை இன்னொரு தடவை கட்டச் சொல்லிக்கிடலாம்” என்றார் அடுத்தவர். என்ன தைரியம் பாருங்கள்!

மூன்றாமவர் பால்துரை. மூன்றில் சாதாரணமான ஆல்பம் அவருடையதுதான். அவர் திருப்பிக் கேட்டார்.

“கீழ முன்னால உக்காருதது யாரு?”

“எங்க அம்மா.”

“அப்ப தூணோரமா ஒதுங்கி நின்னுக்கிடுதேன். ஆனா முடிச்சு படத்துல விழாது. நாத்தனார் மறைச்சிருவாங்க. பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.”

பால்துரையையே பேசி முடித்த விஷயம் தெரிந்ததும் அக்கா குதித்தாள். “மூணு முடிச்சு இல்லாம என்னடி கல்யாண ஆல்பம்?”

கோமதி அசையவில்லை. நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கி, அன்றைக்கு அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தாள். சாமி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நாத்தனாரின் பச்சைப் பட்டு முதுகு, பாதி மாலை, கோமதியின் நெற்றி.

“இதான் சாமி தாலி கட்டுன படம். முடிச்சு விழலை” என்றாள் கோமதி.

சாமி வாய் திறப்பதற்குள் ஆவுடையம்மாள் முந்திக்கொண்டாள்.

“படத்துல விழலேன்னா என்ன? நான்தான் பாத்தேன்லா. மாப்பிள்ளைக்குக் கை வெடவெடன்னு நடுங்குச்சு சாமி. முத முடிச்சைப் போட்டுட்டு விடவே மாட்டேங்காரு! தங்கச்சிக்காரி, ‘எண்ணே கையை எடு, இனி என் முறை’ன்னு ஒரு தட்டுத் தட்டுனா பாருங்க.”

“கை நடுங்குச்சா? என்கிட்ட அவரு சொல்லவே இல்லையே!”

“நீ தலையைக் குனிஞ்சிருந்தே. உனக்கு எப்படித் தெரியும்?”

ஆவுடையம்மாள் முகம் பூரித்திருந்தது. கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

சாமி ஆல்பத்தை மூடி ஓரமாக வைத்தார். ஆவுடையம்மாளுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

“அடுத்த பக்கத்தைச் சொல்லுங்கம்மா” என்றார்.