முப்பது பட்டாணிச் செடியும் ஒரு கம்பளியும்

மேகம் காலுக்குக் கீழ கெடக்குற ஒரு மலையூர்ல ஒரு பொம்மி இருந்தா. விதைக்குன்னு சாம்பல்ல பொரட்டி அவ வச்சிருந்த பட்டாணி முப்பதே முப்பது. மாசி பொறந்ததும் தோட்டத்தக் கொத்தி, வரிசைக்குப் பத்தா மூணு வரிசை ஊனினா. முப்பதும் மொளைச்சுது. அது போச்சுன்னா அடுத்த வருஷம் ஊன ஒரு மணி கெடையாது.

ம் கொட்டுறியா? சரி.

அந்த ஊர்ல மாசியிலயும் பனி விழும், உப்பக் கொட்டுனாப்பல. அதனால செடி மேல எலையும் குச்சியுமா மிலாறு வெட்டிப் போட்டு மூடிவைப்பாங்க. மொத நாள் பனி வந்து எட்டிப் பாத்துச்சு. மூடியிருந்துச்சு, போயிடுச்சு. ரெண்டாம் நாளும் வந்துச்சு. மூடியிருந்துச்சு, போயிடுச்சு.

மூணாம் நாள் பிளம்ஸ் மரம் பூத்துடுச்சு. பொம்மி அதப் பாத்தா. "இனிமே பனி இல்ல"ன்னு மிலாறு அம்புட்டையும் அள்ளி அடுப்புல வச்சுட்டா.

அப்போ அவ நாத்தனா கெப்பி சொன்னா, "அண்ணி, மாசி போகட்டுமே."

"மரத்துக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்?"

கெப்பி கம்பளிய இழுத்துப் போத்திகிட்டுப் போயிட்டா.

விடியக்காலைல பொம்மி கதவத் தொறந்தா. தோட்டமே வெள்ளை. செடியெல்லாம் கண்ணாடி மாதிரி வெறைச்சு நிக்குது. கைய நீட்டினா.

"தொடாதீங்க அண்ணி, ஒடிஞ்சிரும்." கெப்பி பின்னாடி நிக்கிறா. "பனியோட வெயில் பட்டா கருகிரும். அதுக்குள்ள தண்ணி தெளிச்சுக் கரைங்க."

பொம்மி நிமிந்து பாத்தா. மலை உச்சியில வெயில் வந்தாச்சு.

ஓடுனா. திடு திடு திடுன்னு ஓடுனா. ஊத்துல தண்ணி மேல பனிக்கட்டி. கொடத்தால குத்துனா, டக். மொண்டுகிட்டு வந்து மொத வரிசைக்குத் தெளிச்சா, சளப், சளப். பத்தும் தல தூக்குச்சு.

அப்போ வெயில் தேயிலைக் காட்டுல எறங்குது.

மறுபடி ஓடுனா. வெரலெல்லாம் மரத்துப்போச்சு. ரெண்டாவது வரிசையும் தப்பிச்சுது.

அப்போ வெயில் வேலிகிட்ட.

தூங்கிட்டியா? இல்லியே?

மூணாவது கொடம் தூக்கிட்டு வரா. வெயில் வேலியத் தாண்டிருச்சு. இன்னும் நாலே எட்டு. பொம்மிக்குக் கால் வழுக்குது, பாதித் தண்ணி சிந்திப்போச்சு.

அப்போ மூணாவது வரிசை மேல சட்டுனு நெழல் விழுந்துச்சு.

கெப்பி. தான் போத்தியிருந்த கம்பளிய அவுத்து, ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுகிட்டு வெயிலுக்குக் குறுக்க நிக்கிறா. பல்லு கட கட கடன்னு அடிக்குது.

"ஊத்துங்க அண்ணி. கை கடுக்குது."

பொம்மி இருக்குற தண்ணிய உள்ளங்கையில அள்ளி அள்ளித் தெளிச்சா. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒம்பது. கம்பளி அதுவரைக்கும்தான் எட்டுச்சு. ஓரத்துல இருந்த பத்தாவது செடி, பாத்துகிட்டு இருக்கும்போதே கருகி மடங்குச்சு.

மிச்சம் இருபத்தொம்பது.

கெப்பி கையக் கீழ போட்டா. "மரம் என்ன சொல்லுது அண்ணி?"

பொம்மி கம்பளிய வாங்கி அவளச் சுத்திப் போத்திவிட்டா. அப்புறம், "இதுல இன்னும் ஒரு மொழம் ஒட்டுப் போடணும்"னா. அன்னிக்கே ஒட்டும் போட்டா.

ஏய், உன் காலு வெளிய கெடக்குது பாரு. உள்ள இழுத்துக்கோ. கதை போத்திகிட்டுப் படுத்தாச்சு, நீயும் தூங்கு.