மஞ்சமண்டி அணிக்கு மஞ்சள் கால் வந்த கதை

மைனாக்கள் மனிதர்களோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சும்மா பேசினாலும் பரவாயில்லை, எங்காவது பந்தாட்டம் நடந்தால் யோசனை வேறு சொல்லும். அந்தக் காலத்தில் அவற்றின் கால்கள் வெறும் சாம்பல் நிறம்தான்.

ஆற்றோரத்து மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர்களைச் சேர்த்து ஒரு கால்பந்து அணி இருந்தது. கூலி கொடுத்து அவர்களை ஆட வைத்தவள் மண்டிக்காரி நல்லாத்தாள். செலவு மிச்சமாகட்டும் என்று எல்லோருக்கும் சாக்கிலேயே சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். அக்கரை அணிக்கும் அதே புத்தி, அதே சாக்கு! ஆட்டம் தொடங்கிவிட்டால் யார் எந்த அணி என்று ஒரு மண்ணும் விளங்காது.

அன்று ஆட்டத்துக்கு முன் நல்லாத்தாள் அணித்தலைவன் ராக்கியப்பனைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கும் தோத்தீங்கன்னா அணியக் கலைச்சுப்போடுவேன். அப்பறம் மூட்டைய மட்டும் தூக்கிட்டுக் கெடங்க!"

பந்தை விட்டால் பாவம், ராக்கியப்பனுக்கு வேறு சந்தோஷமே கிடையாது.

முதல் பாதி படு கேவலம். ராக்கியப்பன் குனிந்தபடி பந்தை உருட்டுவான், பக்கத்தில் தெரிகிற காலுக்குத் தட்டிவிடுவான். அது அக்கரைக்காரன் காலாக இருக்கும். "ரொம்ப நன்றிங்ணா!" என்று சொல்லிவிட்டு அவன் போய்க் கோல் போடுவான். இப்படியே இரண்டு கோல் விழுந்தது.

இடைவேளையில் மண்டி வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு மைனா வந்தது.

"ஏனுங்ணா, பந்து காலடியில இருக்கறப்ப எங்கீங்க பாக்கறீங்க?"

"தரையத்தான் அம்மிணி."

"அப்பறம் சட்டை என்ன நெறமா இருந்தா என்னங்க? காலுக்குத்தானுங்க நெறம் வேணும்!"

பக்கத்திலேயே தொட்டி நிறைய மஞ்சள் கரைசல் இருந்தது. சந்தைக்குப் போகிற மஞ்சளுக்கு மெருகேற்ற நல்லாத்தாள் கரைத்து வைத்தது. ராக்கியப்பன் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான்.

"ஐயோ, ஆத்தா தோலை உரிச்சுப்போடும்!"

"அட, இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியா!" என்ற மைனா தொப்பென்று தொட்டிக்குள் குதித்தது. கால், மூக்கு, கண்ணோரம் எல்லாம் மஞ்சள். ஒரு சின்னப் பறவை குதித்த பிறகு ஆம்பளை சும்மா நிற்க முடியுமா? ராக்கியப்பன் இறங்கினான். அவன் பின்னாலேயே மொத்த அணியும் இறங்கியது.

இரண்டாம் பாதியில் குனிந்த தலை நிமிராமல் ஆடினார்கள். மஞ்சள் காலிலிருந்து மஞ்சள் காலுக்கே பந்து போனது. மூன்று கோல்! மைனாக்கள் போட்ட கூச்சலில் காது கிழிந்தது.

நல்லாத்தாள் கலங்கிக் கிடந்த தொட்டியைப் பார்த்தாள். "எவன்டா என்ற மஞ்சள நாசம் பண்ணுனது?"

ராக்கியப்பன் தன் கால்களையே பார்த்தபடி நின்றான். அவளும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"தொலைங்கடா! அடுத்த ஆட்டத்துக்கு நானே கரைச்சு வெக்கறேன்."

மஞ்சமண்டி அணி அன்று முதல்தான் சாக்கு நிறச் சட்டைக்கு மஞ்சள் காலுறை போடுகிறது. மைனாவின் காலும் அன்று ஏறிய மஞ்சள்தான். எத்தனையோ தடவை குளித்துப் பார்த்தும் போகவில்லை, போகவேண்டும் என்று அதற்கு ஆசையும் இல்லை.