சூரியனைக் குறித்துவைத்த ஓணான்

கரட்டுமலைக் காட்டில் மூக்கன் என்றோர் ஓணான் இருந்தது. அதற்கு ஒரு பைத்தியம், பிள்ளைகளே! பாறை ஓரத்தில் நின்ற மொட்டைப் பனையின் நிழலை நாள் தவறாமல் கவனிக்கும். உச்சிப்பொழுதில் நிழல் குறுகி எங்கே முடிகிறதோ, அங்கே களிமண் வைத்து ஒரு குன்றிமணியைப் பதித்துவிடும். மழை மூட்டம் என்றால் அந்த நாளுக்கு இடம் விட்டுவிடும்.

ஆவணியில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நின்றது. முதல் மணி பனையின் தூரிலேயே விழுந்தது. அதன்பிறகு சூரியன் நாளுக்கு நாள் தெற்கே தாழ, நிழல் வடக்கே வளர்ந்தது. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று அந்தச் சிவப்பு வரிசை பாறைமேல் நீண்டுகொண்டே போனது.

இதைப் பார்த்துவிட்டது பூச்சையா என்ற நரி. அடடா, அதன் மூளை எப்படி வேலை செய்தது தெரியுமா? மார்கழி பிறந்த ஏழாம் நாள், குளிரில் வெடவெடத்த மிருகங்களை எல்லாம் பனையடிக்குக் கூட்டிவிட்டது.

“பாத்தீங்களா அநியாயத்தை! சூரியன் சரியுது! தை பிறக்கறதுக்குள்ளே தெற்குப் பள்ளத்தில் விழுந்திடும். சூரியனுக்குப் பசி. செவத்தியோட குஞ்சுகள் அஞ்சையும் என்கிட்ட கொடுங்க, பள்ளத்தோரம் படைச்சிட்டு வர்றேன்.”

காட்டுக்கோழி செவத்தி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. “ஐயோ, என் கண்ணுங்களா! கொடுக்கவே மாட்டேன்!”

“என்ன செவத்தி இது? சூரியன் போச்சுன்னா எல்லாருமே போனோம். அஞ்சு குஞ்சுதானே!” என்றது முயல். மானும் ஆமாம் போட்டது. பயம் வந்தால் நல்லவர்கள்கூட இப்படித்தான் பேசுகிறார்கள்.

“மூக்கனே தலையாட்டுறான், பாருங்க!” என்றது நரி.

“என் தலை எப்பவும் ஆடும், பூச்சையா. அதைச் சாட்சிக்கு இழுக்காதே,” என்றபடி மூக்கன் பாறைமேல் தாவி ஏறியது. “எல்லாரும் இங்கே வாங்க! ஐப்பசியில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே நான் ஓர் எட்டு வைக்கணும். கார்த்திகைக் கடைசியில் அரை எட்டுகூட இல்லே. இப்போ மணியோடு மணி இடிக்குது. நிழலோட நடை தளர்ந்துபோச்சு. இனி நிக்கும், அப்புறம் திரும்பும்.”

“திரும்பாட்டா?” என்றது நரி.

மூக்கனுக்கும் அது உறுதியாகத் தெரியாது. இருந்தாலும் சொன்னது: “இன்னைக்கு மார்கழி ஏழு. இதோ வெச்ச கடைசி மணி. இருபதாம் நாள் உச்சியில் நிழல் இதைத் தாண்டினா, குஞ்சுகளோட என்னையும் சேர்த்துத் தின்னு. பின்வாங்கினா நீ மலை தாண்டிப் போயிடணும்.”

“நாலு மாசமா வளர்ற நிழல் எனக்காகவா குட்டையாகும்? சரி!” என்று நரி சிரித்தது.

எட்டாம் நாள் நிழல் அதே மணியில் நின்றது. ஒன்பது, பத்து, அப்போதும் அங்கேயேதான்! செவத்திக்கு இரை இறங்கவில்லை. அதன்பின் நான்கு நாள் ஒரே மூட்டம், நிழலே விழவில்லை. பிறகு வெயில் எட்டிப் பார்த்தபோதெல்லாம் நரி தானும் பார்க்காமல் வாலைப் போட்டு மணிகளை மறைத்து உட்கார்ந்துகொண்டு, “இருபது வரட்டும், அவசரப்படாதே!” என்றது.

இருபதும் வந்தது. நரி தன் மருமகன்கள் இருவரை விருந்துக்கு அழைத்து வந்திருந்தது. காடே கூடி நின்றது. உச்சி நெருங்க நெருங்க நிழல் குறுகியது. ஒரு மேகம் வந்து மறைத்தது. மேகம் விலகியது!

“வாலை எடு, பூச்சையா!” என்று மான் அதட்டியது.

நிழலின் நுனி கடைசி மணியைத் தொடவே இல்லை. ஒரு சாணுக்கு இப்பால், பழைய மணிகளின் நடுவே கிடந்தது.

“திரும்பிடுச்சு! சூரியன் ஏறுது!” முயல் துள்ளிக் குதித்தது. மூக்கனின் தலை நிறுத்தாமல் ஆடியது.

“இது ஏதோ கண்கட்டு...” என்று நரி தொடங்கியது. செவத்தி அதைப் பேசவிடவில்லை. சிறகை விரித்துப் பாய்ந்து மூக்கிலேயே ஒரு கொத்து! மருமகன்கள் முன்னே ஓட, மாமன் பின்னே ஓட, மூன்றும் மலை ஏறி மறைந்தன.

“போங்கடா செல்லங்களா, வெயில் காயுங்க,” என்று செவத்தி சிறகைத் திறந்தது. ஐந்து குஞ்சுகளும் பாறைமேல் ஓடின.

நீதி: பயமுறுத்துகிறவன் வாயை நம்பாதே, நாள்தோறும் பார்த்துக் குறித்துவைத்ததை நம்பு.