மூன்றாவது மிஷின்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது தரமாட்டேன்.

முதலில் கேள்வி.

"மாஸ்டர், எந்த வெல்டிங் மிஷின் வாங்கட்டுங்க?"

கேட்டவர் சென்னியப்பன். ஊருக்கே பன் சுடுகிறவர். பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் சொந்தமாக ஒரு கார் கட்டப் போகிறார். அடிச்சட்டத்துக்கு இரும்பு பைப் வாங்கி, அளந்து, அறுத்து, அடுக்கி வைத்தாயிற்று. ஒட்டுவதுதான் பாக்கி.

கேட்கப்பட்டவர் ராசாமணி. தகரக் கூரை போட்ட வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பெண்மணி. ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் வெல்டிங் பழக்கினார். அதனால் எல்லாருக்கும் மாஸ்டர்.

சென்னியப்பன் கொண்டுவந்த பையைத் திறந்து ஒரு பன்னை எடுத்துக் கடித்தார் மாஸ்டர்.

"பன்னு நல்லாருக்கு," என்றார்.

சென்னியப்பன் குழம்பினார். இதற்கு என்ன அர்த்தம்?

"யார் யாரைக் கேட்டீங்க?"

சென்னியப்பன் வரிசையாக அவிழ்த்துவிட்டார்.

"வீடியோக்காரனைப் பாத்தனுங்க. 'ஹாய் மக்களே! கம்பி தானா வர்ற மிக் மிஷின் இல்லாம கார்ல கைய வெச்சிராதீங்க மக்களே!'ங்கறான்."

"சரி."

"கடைக்காரரைக் கேட்டனுங்க. 'இருநூறு ஆம்ப்ஸ் எடுத்துக்குங்கண்ணா. நூத்தம்பதெல்லாம் ஜன்னல் கம்பிக்குத்தானுங்ணா'ங்கறாரு."

"சரி."

"மச்சானைக் கேட்டேன். 'மாமா, ஒட்டு மட்டும் உட்டுச்சுன்னு வைங்க, நீங்க திருப்பூர் போயிருவீங்க, பின் சீட்டு அவினாசியிலயே நிக்கும்'ங்கறான்."

மாஸ்டர் இன்னொரு பன்னுக்குக் கை நீட்டினார்.

சென்னியப்பனின் குரல் இறங்கியது.

"அந்தப் பின் சீட்டுலதானுங்க எம் பொண்ணு உக்காருவா. தருணிகா."

நீட்டிய கை நின்றது.

"ஏற்கெனவே ஒண்ணு வாங்கினீங்களே, அது?"

"அது ஆகாதுங்க மாஸ்டர். ஆன்லைன்ல இருக்கறதுலயே மலிவு. தருணிகா அது மேல பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டி வரவேத்தா. ஆனா வெல்டிங் ராடை வெச்சா வெச்ச எடத்துலயே புடிச்சுக்குது. தப்பித் தவறி ஒட்டினாலும் ரெண்டு தட்டுல உட்டுருது. பரண்ல ஏத்தீட்டேன்."

"ம்."

"விலை கம்மியா, கெட்டியா ஒட்டற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு மூலையாச்சும் ஒட்டலைன்னா, பைப்பை எல்லாம் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுருவேன்னு சொல்லீட்டா."

"யாரு?"

"வேற யாரு, வீட்டுல. கலாமணி."

"கலாமணி சொன்னா செஞ்சிருவா."

"அதுதானுங்க பயம்."

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பரண்ல ராடு மிச்சம் கெடக்குதா?"

"ஒரு பாக்கெட் இருக்குதுங்க."

"பாதியை உங்க அடுப்புல சுட்டுக் கொண்டாங்க. பாதியைச் சுடாமக் கொண்டாங்க."

"சுடறதுங்களா?"

"பன்னு எடுத்ததுக்கு அப்பறம் அடுப்புல சூடு நிக்குமில்ல? அதுல வையுங்க. ரஸ்க்கு காயற நேரம்."

"அதுக்கும் நான் வாங்கப் போற மிஷினுக்கும்..."

"நாளைக்குப் பட்டறைக்கு ஒரு கூடை பன்னு வேணும். கலாமணிகிட்ட நானே போன்ல சொல்லிக்கறேன். நீங்க நாளானிக்கு மத்தியானம் வாங்க."

சென்னியப்பன் வந்ததைவிட அதிகமாகக் குழம்பி வீடு போய்ச் சேர்ந்தார்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வரும். அடுப்பில் இருக்கிறது.

மறுநாள் அடுப்பிலிருந்து அவர் ராடு ட்ரேயை இழுத்தபோது, பால் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, புது அயிட்டமா? நீட்ட ரஸ்க்கா?"

"விக்கறதுக்கு இல்லீங்க."

"காரமா, இனிப்பா?"

"போயிட்டு வாங்க."

உள்ளேயிருந்து கலாமணி கூப்பிட்டாள்.

"ஏனுங்க! மாஸ்டருக்குப் பன்னு கட்டீட்டேன். கூடையைத் தூக்கி ஸ்கூட்டர்ல வெச்சு உடுங்க."

பிளாஸ்டிக் கூடை. மூடி போட்டுக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. சென்னியப்பன் தூக்கினார். தோள் இறங்கியது.

"என்ன இந்தக் கனம்?"

"என்னைக் கேட்டா? நீங்க சுட்ட பன்னு."

"பன்னு எங்கயாச்சும் இப்படிக் கனக்குமா?"

"மாவு உப்பலையாட்டம் இருக்குது. ஒண்ணொண்ணும் கல்லு."

"கல்லா?"

ஸ்கூட்டர் போய்விட்டது.

சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் பன்னை இதுவரை யாரும் கல் என்று சொன்னதில்லை. ஈஸ்ட் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். துளி எடுத்து நாக்கில் வைத்தார். மறுபடி முகர்ந்தார்.

வாங்கி ஒரு வாரம் ஆகாத ஈஸ்ட். எடுத்துக் குப்பையில் போட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக்குப் போனதும் முதலில் அதைத்தான் கேட்டார்.

"மாஸ்டர், நேத்துப் பன்னு கல்லா இருந்துச்சுங்களா?"

"பல்லு ஒண்ணும் போகலை."

சென்னியப்பன் முகம் வாடியது.

பட்டறையின் நடுவில் ஒரு தார்ப்பாய் தொங்கியது. அதற்கு அடியிலிருந்து ராடைப் பிடிக்கும் ஹோல்டரின் ஒயர் ஒன்று வெளியே வந்திருந்தது.

"பின்னாடி மூணு மிஷின்," என்றார் மாஸ்டர். "ஒண்ணொண்ணா மாத்தி உடறேன். எது உங்க கைக்குப் புடிக்குதுன்னு சொல்லுங்க. எட்டிப் பாக்கக் கூடாது."

"ஏனுங்க?"

"மூஞ்சியைப் பாத்தா விலையைக் கேப்பீங்க."

முதல் மிஷின். சுடாத ராடு.

சென்னியப்பன் முகமூடியை இறக்கினார். ராடு பைப்பைத் தொட்டது. பட் என்று பிடித்துக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. ஆட்டினார், பைப்பும் சேர்ந்து ஆடியது.

"இது எங்க ஊட்டு மிஷினாட்டமே கேடு கெட்டதுங்க!"

"அப்படீங்களா? மாத்திருவோம்."

மாஸ்டர் தார்ப்பாய்க்குப் பின்னால் போனார். டொம் என்று ஒரு சத்தம். கிர்ர்ர் என்று எதையோ இழுக்கும் சத்தம். "யப்பா சாமி, என்ன கனம்!" என்று ஒரு முனகல்.

"ரெண்டாவது வந்துருச்சு. சுட்ட ராடைப் போடுங்க."

ஈரம் காய்ந்த ராடு இந்த முறை பிடிக்கவில்லை. எண்ணெயில் அப்பளம் விழுந்த மாதிரி ஸ்ஸ் என்று ஓடியது. ஆனால் ஒட்டு கோணல் மாணலாக, குடித்துவிட்டு வந்தவன் நடை போல இருந்தது. மாஸ்டர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பிளந்தது.

"இது தேவலைங்க," என்றார் சென்னியப்பன். "ஆனா மிஷின் ஒரு பக்கமா இழுக்குது. கம்பெனிக்காரன் எங்கயோ கோட்டை உட்டுட்டான்."

"இருக்கும் இருக்கும். மாத்திருவோம்."

மறுபடி டொம். மறுபடி கிர்ர்ர். முனகல் இந்த முறை பாட்டாகவே வந்தது. "யம்மா... யப்பா... முதுகு போச்சே..."

"நான் ஒரு கை புடிக்கட்டுங்களா?"

"அங்கயே நில்லுங்க!"

மூன்றாவது மிஷின் வந்தது. மாஸ்டரும் கூடவே வெளியே வந்தார். சென்னியப்பனின் முழங்கைக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்தார்.

"இந்த மிஷினுக்குச் செங்கல் வேணுமுங்களா?"

"இதுக்கு வேணும். வெளிச்சத்தைப் பாக்காதீங்க. அதுக்குப் பின்னாடி உருகி நிக்குது பாருங்க ஒரு சொட்டு, அதைப் பாருங்க. கேக்கு மேல க்ரீம்ல பேரு எழுதுவீங்கல்ல?"

"தினமும் எழுதறனுங்க."

"அந்த வேகத்துல கையை நகத்துங்க."

"என்ன பேருங்க?"

"உங்களுக்குப் புடிச்ச பேரு."

சென்னியப்பன் முகமூடியை இறக்கினார். மூச்சை விட்டார். உள்ளுக்குள் 'த' போட்டார்.

முதல் ஒட்டு பிளந்தது. அடுத்ததும் பிளந்தது. அதற்கப்புறம் வந்தது பாதி நின்றது. அவர் மிஷினைத் திட்டவில்லை. நேரம் போவதும் தெரியவில்லை. வெயில் சாய்ந்து தகரம் ஆறி டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தபோது, மூலை சேர்ந்த ஒரு ஒட்டைத் தூக்கி மாஸ்டரிடம் கொடுத்தார்.

மாஸ்டர் சின்னச் சுத்தியலால் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

"பெருசைக் கொண்டாங்க," என்றார் சென்னியப்பன்.

பெரிய சம்மட்டி. மாஸ்டர் ஓங்கி அடித்தார். பைப் நசுங்கியது. ஒட்டு நின்றது.

சென்னியப்பன் சம்மட்டியை வாங்கித் தானே அடித்தார். பைப் வளைந்தது. ஒட்டு நின்றது. மூச்சிரைக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொகைங்க," என்றார்.

"ஆமாமா. பொகை."

"மாஸ்டர், இதுதானுங்க. இந்த மூணாவதுதான். விலை எவ்வளவா இருந்தாலும் சரி. மலிவாப் பாத்தது எந் தப்பு. எம் பொண்ணு உக்கார்ற வண்டிக்கு இதுதான் மிஷின். கம்பெனி பேரு என்னங்க?"

"போய்ப் பாருங்க."

சென்னியப்பன் தார்ப்பாயை விலக்கினார்.

ஒரே ஒரு மிஷின் இருந்தது. கவிழ்த்துப் போட்ட ஒரு கூடை மேல்.

அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். மிஷினுக்குப் பின்னால் குனிந்தும் பார்த்தார். ஒரு காலி எண்ணெய் டின் கிடந்தது. தரையில் அதை இழுத்த தடம் புதிதாக இருந்தது.

"மத்த ரெண்டும் எங்கீங்க?"

"அதுக வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சென்னியப்பன் மறுபடி மிஷினைப் பார்த்தார்.

அதன் நெற்றியில் ஒரு பட்டாம்பூச்சி இருந்தது. பரணில் திணித்தபோது கிழிந்த ஒற்றை இறக்கையோடு.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கலாமணி இறங்கினாள்.

"ஏனுங்க, பழைய இரும்புக்காரரை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிறட்டுங்களா?"

சென்னியப்பன் பட்டாம்பூச்சியைப் பார்த்தார். மிஷினுக்கு அடியில் இருந்த கூடையைப் பார்த்தார். கூடையில் எழுதியிருந்த தன் பேக்கரிப் பெயரைப் பார்த்தார். கூடையில் இன்னும் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற கலாமணியைப் பார்த்தார்.

அவருடைய தோள் தானாக ஒரு முறை இறங்கி ஏறியது.

"அடிப்பாவி!" என்றார். "அப்ப எம் பன்னு உப்பித்தான் இருந்துச்சா?"