புண்ணியக் கை

ஜமீன்தாரின் முழங்கால் வலிக்கு அரண்மனை வைத்தியர் ஏகாம்பரம் எருக்கம்பால் தைலம் கொடுத்தார். "மூலிகைதானே! பச்சைப்பிள்ளைக்கும் தடவலாம்" என்றார். கால் பிடித்துவிடும் சடையாண்டி அதைத் தேய்த்தான். மறுநாள் ஜமீன்தாரின் முழங்காலிலும் சடையாண்டியின் உள்ளங்கையிலும் கொப்புளம்.

"மருந்தில் குற்றமில்லை. இவன் பாவம் செய்த கை பட்டதால் வந்த வினை. ஊரைவிட்டே விரட்டுங்கள்!" என்றார் வைத்தியர்.

சடையாண்டி கும்பிட்டான். "நியாயந்தான் சாமி. எஜமானுக்கு இன்னொரு முழங்காலும் வலிக்குதாம். உங்க புண்ணியக் கையால தேய்ச்சு விடுங்க, நான் கிளம்பிடறேன்."

"தேய்த்துவிடும், வைத்தியரே" என்றார் ஜமீன்தார்.

தைலத்தைத் தொடுமுன் வைத்தியர் மேல்துண்டைக் கையில் தடிமனாகச் சுற்றிக்கொண்டார்.

"புண்ணியக் கைக்குப் போர்வை எதுக்கு சாமி?" என்றான் சடையாண்டி.

ஜமீன்தார் சிரிக்கவில்லை. சடையாண்டியின் கைப்புண் ஆறும்வரை ஜமீன்தாருக்கு வைத்தியர்தான் கால் பிடித்தார், வெறும் தேங்காய் எண்ணெய் தொட்டு.